ஆற்றுவாய் வெட்டும் நாளில் பத்தியம்

மச்சானின் முழங்கால்கள் இரண்டிலும் ஆமணக்கிலை வைத்துத் துணி சுற்றியிருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பனிச்சங்கேணியில் நாங்கள் இருவரும் ஒரே தோணியில் தொழில் செய்தோம். கடலோரத்து வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிற வேலை. ஒரு மாரியில் அவருடைய கால்கள் வீங்கின. குந்தினால் எழும்ப முடியவில்லை. வாழைச்சேனையில் ஒரு பரியாரியார் முழங்காலை அமர்த்திப் பார்த்து, வாதம் என்று சொல்லி, எண்ணெயும் கசாயமும் கொடுத்தார். எண்ணெய் தடவி, நொச்சியிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்து, இலை வைத்துக் கட்ட வேண்டும். இறால், நண்டு, புளி கூடாது. கட்டு அவிழ்க்கும்வரை தண்ணீரில் இறங்கவே கூடாது.

கசாயத்தின் கசப்பை மச்சான் பொறுத்துக்கொண்டார். சும்மா இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வேலியடிக்கும் கரைக்குமாக நொண்டிக்கொண்டே திரிவார். "அங்கால நில்லுங்க மச்சான், உங்கட எண்ணெய் மணத்துக்கு றாலெல்லாம் திருகோணமலைக்கு ஓடிரும்" என்று பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள்.

மழையில் ஆறு நிரம்பி வயலுக்குள் ஏறினால், கடலை மறித்து நிற்கும் மணல்திட்டை வெட்டிவிடுவோம். தண்ணீர் கடலுக்குப் பாயும்போது இறாலும் சேர்ந்து ஓடும். அன்றைக்கு ஊரில் ஆண்கள் எவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அந்த மாரியிலும் வெட்டினோம். மச்சான் கட்டுக்கு மேல் பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"பரியாரியார் என்ன சொன்னவர்? கால் நனையப்படா எண்டுதானே? நனையாது" என்றார்.

நெஞ்சளவு தண்ணீரில் பைக்குள் காற்று ஏறி, கால்கள் மேலே கிளம்பி, ஆள் மல்லாந்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பையைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பொழுதுபடும்வரை வலை இழுத்தார். அதற்குப் பிறகு அந்த முழங்கால்கள் மடங்கவில்லை. வெட்கத்தில் பரியாரியாரிடம் திரும்பிப் போகவும் இல்லை. தோணியை நான் தனியே தள்ளப் பழகினேன்.

இப்போது என் முழங்கால்களில் அதே கட்டு. வீக்கம் மெல்ல வற்றுகிறது, கட்டு அவிழ்க்க இன்னும் காலம் இருக்கிறது. இன்று விடிய, மண்வெட்டிகளோடு ஆட்கள் வேலியோரம் சத்தம்போட்டுக்கொண்டு போனார்கள். இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். வலையைத் தோளில் போட்டதும் மனைவி தமையன் வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று போனாள். நான் வாசலுக்கு வருவதற்குள் மச்சான் பொல்லை ஊன்றி வந்துவிட்டார்.

"எங்க மச்சான் வெளிக்கிட்டாய்?" என்று கேட்டார்.

"சும்மா பாத்திட்டு வாறன்."

"நானும் சும்மா பாக்கத்தான் போனன்."

வலையோடு நின்றேன். அவர் பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு, வளையாத கால்களை நீட்டி, வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார்.

"போறதெண்டா என்னத் தாண்டிப் போ."

மனைவியின் தமையனை எப்படித் தாண்டுவது? தாண்டத் துணிந்தாலும் அவ்வளவு உயரத்துக்கு என் கால் எழும்பாது. இரண்டும் அவருக்குத் தெரியும். வலையை இறக்கி வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரைப் பக்கம் பெரிய கூச்சல் கேட்டது.

"வெட்டிட்டானுகள்" என்றார் மச்சான். கண்களை மூடிக்கொண்டார். கால்விரல்கள் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.