திரைக்குப் பின்னாலிருந்து ஆங்கிலக் கவிதை சொன்ன எங்கள் ராத்தா

தந்தவனும் அவனே, தவணை முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொண்டவனும் அவனே. எல்லாப் புகழும் அவனுக்கே. எங்கள் ராத்தா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில், உறவினர்கள், நண்பர்கள், ராத்தாவின் மாணவர்கள் கையில் இந்தச் சிறு மலரைத் தருகிறோம். கட்டுரை எழுதும் பொறுப்பு கடைசித் தம்பியான என் தலையில் விழுந்தது. நான் சைக்கிள் திருத்துகிறவன். எழுத்து வேலையை என்னிடம் கொடுத்தவர்களைத்தான் நீங்கள் ஏச வேண்டும்.

ராத்தா கல்முனைக்குடியில், கடலோசை கேட்கிற வீடொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாப்பா நெல் வியாபாரி. ராத்தாவுக்குப் பதினாறு வயதிருக்கும்போது வாப்பா மௌத்தாகிவிட்டார்கள். உம்மா இடியப்பம் அவித்து எங்களை வளர்த்தார்கள். புத்தகம் வாங்க வழியில்லாத அந்த நாட்களில், சீனியும் பருப்பும் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகளை ராத்தா நீவி எடுத்து வாசிப்பார். துண்டு பாதியில் கிழிந்திருந்தால் மீதிச் செய்தியைத் தானே இட்டுக்கட்டி எங்களுக்குச் சொல்வார். வெளிநாட்டு மந்திரிமார் பலருக்கு எங்கள் குசினியில் வைத்து ராத்தா வழங்கிய முடிவுகள் அவர்களுக்கே தெரியாது.

யுத்த காலத்தில் பஸ் ஏறி ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தார். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். அந்த வரிசைகளில் நின்றுகொண்டு ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்வாராம். "எனக்குத் தெரிஞ்ச சொல்லுல பாதி சென்றிப் பொயின்டில படிச்சது" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றில் ஆங்கிலமும் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கு ஆங்கில இலக்கியமும் படிப்பித்தார். சொற்களைப் பலகையில் வரிசையாக எழுதிப் போடுவது ராத்தாவுக்குப் பிடிக்காது. பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். ஆளுக்கு ஐந்து சொல்லோடு திரும்பி வர வேண்டும். என் கடைக்கும் வருவார்கள். "மாமா, இதுக்கென்ன பேர்?" என்று கேட்டு, செயின், ஸ்போக், பெடல் என்று எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு இங்கிலீசு வராது என்று நான் அலுத்துக்கொண்டால், "நாள் முழுக்க இங்கிலீசைத்தானே கழட்டிப் பூட்டிக்கொண்டிரிக்காய்" என்பார் ராத்தா.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்தாவின் கணவரை, எங்கள் மச்சானை, கடல் கொண்டுபோனது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. அன்று ராத்தா உம்மாவைப் பார்க்க மேற்கே வந்திருந்தார், அதனால் பிழைத்தார். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. மச்சான் தபால் கந்தோரில் வேலை செய்தவர், சத்தமாகக் கூடக் கதைக்காத மனிசன். அவரை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ராத்தா பெரிய வீதிக்கு மேற்கேயுள்ள எங்கள் வீட்டில் இத்தா இருந்தார். கணவர் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். பாடசாலையோ கடற்கரைக்குக் கிட்டத் தகரக் கொட்டில்களில் மறுபடி தொடங்கிவிட்டது. ஆங்கில இலக்கியம் படித்த பதினொரு பேருக்கும் அந்த வருடக் கடைசியில் பரீட்சை. ராத்தாவை விட்டால் அந்தப் பாடத்துக்கு வேறு ஆளில்லை.

ஒரு பின்னேரம் அந்தப் பதினொரு பேரும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் மனைவி விறாந்தையின் குறுக்கே ஒரு பெட்சீட்டைக் கட்டிவிட்டார். ராத்தா அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம். பெண் பிள்ளைகள் உள்ளே போய் இருந்திருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் டீச்சரின் முகம் தெரியாமல் போவது நியாயமில்லை என்று எல்லோரையும் வெளியிலேயே இருத்தினார் ராத்தா. புத்தகங்கள் கடலோடு போயிருந்தன. ராத்தா நினைவிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

பார்க்கப் புத்தகமும் இல்லை, டீச்சரின் முகமும் இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் சின்ன வயதில் ஓதப் பழகிய மாதிரியே ஆங்கிலத்தையும் ஓதத் தொடங்கிவிட்டார்கள். நபிகளைப் புகழ்ந்து பாடும் பைத்து ராகத்தில், முன்னும் பின்னும் ஆடி ஆடி. ராகம் ராத்தாவுக்குக் கேட்டது, ஆட்டம் தெரியவில்லை. இத்தா முடிந்து திரையை அவிழ்த்த அன்றுதான் பார்த்தார்.

"அல்லாஹ்வே! ஏன் புள்ளையள் எல்லாரும் ஆடுறீங்க?"

"ஆடினாத்தான் டீச்சர் அடுத்த வரி வருது."

ராத்தா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முன்னாலிருந்த கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நாலரை மாதமாக அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்தா இத்தா இருந்த காலத்தில், அவருக்குத் தெரியாமல், கல்விக் கந்தோருக்கு ஒரு மனு அனுப்பியிருந்தேன். கடற்கரைப் பாடசாலையிலிருந்து அவரைச் சம்மாந்துறைப் பக்கம் மாற்றிவிடும்படி கேட்டிருந்தேன். மச்சானைக் கொடுத்தாயிற்று, ராத்தாவையும் கடலுக்குப் பக்கத்தில் விட்டுவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால்தான் கந்தோரில் மதிப்பார்கள் என்று நினைத்து, சுனாமியன்று கைப்பையோடு வந்து தப்பிய ராத்தாவின் அகராதியையே இரவல் வாங்கி எழுதினேன். மாற்றம் வந்தால் அந்த வகுப்பு மூடப்படும், பதினொரு பிள்ளைகளும் நடுவழியில் நிற்பார்கள். அது தெரிந்துதான் எழுதினேன்.

ராத்தா பாடசாலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் ஒரு கவிதை குறுக்கே நின்றது. கடலைத் தாய் என்றும் அன்பானவள் என்றும் புகழ்கிற கவிதை. பாடத்திட்டத்தில் இருந்தது, தட்ட முடியாது. ஸஹ்லா என்ற பிள்ளை, சுனாமியில் உம்மாவை இழந்தவள், "இது வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். ராத்தா அவளை அதட்டவில்லை. பதினொரு பேரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கடலுக்கு ஏசுங்க. ஆளுக்கு ஒரு சொல். ஆனா இங்கிலீசில. ஒருத்தர் சொன்னதை மற்றவர் சொல்லப்படாது."

முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு கள்ளன், பேராசைக்காரன், வெட்கம் கெட்டவன் என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. சொல் முடிந்துபோனவர்கள் அகராதியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்ன புள்ளையள், கடலோட இங்கிலீசில கதைக்கிறீங்க?" என்று கேட்டார். "கதைக்கல்ல மாமா, ஏசுறம்" என்றார்கள். "அப்ப எனக்கும் சேத்து ஏசுங்க" என்றார் அவர்.

அடுத்த மாதம் கல்வி அதிகாரி வந்தார். எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். ஒரு சைக்கிளைத் திருத்துகிற சாட்டில் கொட்டிலுக்கு வெளியே குந்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழும்பி அதே கடல் கவிதையைப் பைத்து ராகத்தில், ஆட்டத்தோடு, முழுவதும் சொன்னார்கள்.

"டீச்சர், இது கவிதையா மவ்லிதா?" என்றார் அதிகாரி.

"எப்பிடி நெஞ்சில ஏறுதோ அப்பிடி ஏறட்டும் சேர். நீங்க எந்தச் சொல்லையும் கேட்டுப் பாருங்க."

அவர் ஸஹ்லாவிடம், கவிஞர் கடலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். கடல் அன்பானது என்று சொல்கிறார், அவர் எங்கள் ஊரில் இருந்ததில்லை என்றாள். அப்படியானால் நீ என்ன சொல் போடுவாய் என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "ஃபொகெட்ஃபுல்" என்றாள். மறதிக்காரக் கடல். கொண்டுபோனதை மறந்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி எங்களைப் பார்க்கிறது என்று விளக்கமும் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

போகும்போது அதிபரிடம், "இந்த டீச்சரை இங்கயிருந்து எடுத்தா இந்தப் புள்ளையள் என்னை ஏசும். அதுவும் இங்கிலீசில" என்றார். என் மனு தோற்றது. வெட்கமாகவும் இருந்தது, வாய் கொள்ளாத சந்தோஷமாகவும் இருந்தது. பதினொரு பேரும் பரீட்சை எழுதித் தேறினார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் பிள்ளைகளும் ராத்தா வீட்டில் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார்கள். அதில் ஒருவன் வீட்டில் ஆங்கிலக் கவிதையை ஆடி ஆடிப் படித்திருக்கிறான். "என்னடா, கிறுகிறுப்பா?" என்று அவனுடைய அம்மா பயந்துபோய்த் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாராம். அவரே வந்து ராத்தாவிடம் சொல்ல, இருவரும் தேத்தண்ணீர் ஆறும்வரை சிரித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வகுப்பு நிற்கவில்லை.

ராத்தா நோயுற்ற காலத்தில் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய அயலவர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்த தோள்களுக்கும், யாசீன் ஓதியவர்களுக்கும், பாண்டிருப்பிலிருந்து சமைத்து அனுப்பிய குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. எங்கள் ராத்தாவின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, மச்சானோடு சுவர்க்கத்தில் சேர்த்துவைக்க எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. மௌத்தாவதற்கு நான்கு நாள் முன்பு, ராத்தா தலைமாட்டிலிருந்த பைலை எடுக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் தந்தார். என் மனு. அதிகாரி அன்றே அதை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை வருடமும் எல்லாம் தெரிந்துகொண்டே ராத்தா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தாள் முழுக்கச் சிவப்பு மை. என் சகோதரி 'ஹெல்ப்லெஸ்', அதாவது கதியற்றவர், என்று நான் எழுதியிருந்த இடத்தில் அந்தச் சொல்லை வெட்டி, மேலே 'ஸ்டபர்ன்' என்று எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இதுக்கென்ன அர்த்தம் ராத்தா?" என்று கேட்டேன்.

"பிடிச்ச பிடியை விடாதவள். எங்க, சொல்லு பாப்பம்."

சொன்னேன். என் உச்சரிப்புச் சரியில்லை என்று தலையாட்டினார். நான் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். சரியாக வரும்வரை ராத்தா விடவில்லை.