எந்த லைட் சார்?

என் மகள் திவ்யாவுக்கு முழங்கையிலும் முட்டியிலும் செதில் செதிலாகச் சொரியாசிஸ். பள்ளியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கணவர் குவைத்தில் இருந்ததால், ஆந்திராவின் புத்தூரிலிருந்து நானே அவளைத் திருப்பதிக்கு அழைத்துப் போனேன்.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "பாப்பக்கி லைட் தீஸ்கோண்டம்மா" என்றார் தெலுங்கில். எங்கள் பக்கத்து இளவட்டங்கள் பரீட்சையில் தோற்றாலும் "லைட் தீஸ்கோ" என்பார்கள். 'தீஸ்கோ' என்றால் எடுத்துக்கோ; லேசாக எடுத்துக்கோ, கண்டுக்காதே என்று அர்த்தம். எனக்கு உயிர் வந்தது. அவர் மேலே பேசுவதற்குள் கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

போனில் கணவரும், "டாக்டரே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்றார்.

சில மாதங்களில் திட்டுகள் முதுகுக்கும் பரவிவிட்டன. அலறியடித்து ஓடினேன்.

"லைட் தீஸ்குன்னாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"ராத்திரி பகலா எடுத்துகினுதான் சார் இருந்தேன்! ஒருநாள்கூட கவலையே படல!"

டாக்டர் விழித்தார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்து அறையைத் திறந்தார். பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வரிசையாக ட்யூப் லைட்டுகள். "தோலுக்குக் காட்டச் சொன்னது இந்த லைட்டும்மா!"

அதன்பிறகு திவ்யா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் நின்றாள். நானும், டாக்டர் எதைச் சொன்னாலும் அர்த்தம் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

போன மாதம் அவள் தோல் தெளிந்திருப்பதைப் பார்த்த டாக்டர், "இப்புடு லைட் தீஸ்கோண்டம்மா" என்றார்.

"எந்த லைட் சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் திவ்யா சொன்னாள்: "உன் லைட்டுதாம்மா!"