வழியில் இருக்கிறது

ரயில்வே பார்சல் குமாஸ்தாவை யாரும் சிரித்த முகத்தோடு தேடி வருவதில்லை; சாமான் வந்துவிட்டால் அவன் ஞாபகமே யாருக்கும் இருக்காது. யுத்த காலத்தில் திருத்தணி ஸ்டேஷனில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வசவு வாங்கியவன் நான். பார்சல் ஜன்னலுக்கு உள்ளேயோ வெளியேயோ நின்று அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கட்டில்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான சமயம். ஒரு வக்கீல் குடும்பத்தோடு வந்து இங்கே வீடு பிடித்தார். கட்டிலைப் பட்டணத்துப் பெரிய ஸ்டேஷனில் பார்சல் போட்டிருந்தார். அங்கே பட்டாளத்துச் சரக்குக்குத்தான் முதல் இடம். ஊர் ஜனங்களின் மூட்டை முடிச்சுகள் பிளாட்பாரத்தில் குவிந்து கிடந்தன. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் ஜனங்கள் அடிக்க வருவார்கள். அதனால் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு ஒரு பதில் கற்றுக் கொடுத்திருந்தார்: "வழியில் இருக்கிறது."

அதையே தினமும் சொன்னேன். தரையில் படுத்து இடுப்புப் பிடித்துக்கொண்ட வக்கீல் மூன்றாவது வாரம் சொன்னார்: "குண்டுகூட வந்துடும் போலிருக்கு சார், என் கட்டில் வராது."

வேண்டுதல் முடி

கன்னியம்மா ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கூலிக்காரி. அவள் மகன் தணிகாசலம், மலைக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த முடியோடு பட்டாளத்தில் சேரப் போனான். சேர்ந்த அன்றே ஒட்ட வெட்டிவிட்டார்களாம். சாமிக்கு என்று விட்ட முடியை வேறு யாரோ வெட்டிவிட்டார்களே, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குத் தூக்கமில்லை. அந்த முடியைப் பார்சலில் வரவழைத்துத் தரும்படி என் முன்னால் வந்து நின்றாள்.

அதை எப்போதோ குப்பையோடு கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கூட்டம் வேறு. பழகிய வாய் தானாகவே சொல்லிவிட்டது, "வழியில் இருக்கிறதம்மா" என்று. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாதாமாதம் கிருத்திகைக்கு மலையேறும் முன் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். நான் தலை குனிந்துகொள்வேன். அவளே எனக்குச் சமாதானம் சொல்வாள்: "அவசரம் இல்லீங்கய்யா. அது வர்ற வரிக்கும் முருகரு பொறுத்துக்குவாரு."

தகரப் பெட்டி

அடுத்த வருஷம் அவள் பேருக்குப் பட்டாளத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. செத்தவர்களின் உடைமை என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஆள் அனுப்பிவிட்டேனே தவிர, அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் சிரமத்தை அவள் எனக்கு வைக்கவில்லை. சாவுச் செய்தி சொன்ன பட்டாளத்துக் கடுதாசியைத் தபால்காரர் போன வாரமே படித்துக் காட்டிவிட்டாராம்.

கைநாட்டு வைத்துவிட்டு அங்கேயே பெட்டியைத் திறந்தாள். இரண்டு சட்டை, ஒரு தட்டு, ஒரு சீப்பு. சீப்பின் பல்லில் நாலைந்து முடி சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் சொன்னது பொய் என்று சொல்லி அவள் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை. மலைக்குப் புறப்பட்டவள் திரும்பி என்னைக் கும்பிட்டாள்: "ஆளு வரலன்னாலும் நீங்க சொன்ன முடி வந்துட்சிங்கய்யா."

வழியில் இருக்கிறது என்று நான் சொல்லி, சொன்னபடி வந்து சேர்ந்த பார்சல் என் உத்தியோகத்திலேயே அது ஒன்றுதான்.