ஒரே நம்பர் கிரிஸ்டல்

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். ரிமோட் விமானம் விட எந்த டிரான்ஸ்மிட்டர் வாங்கலாம் என்று மாணவர்கள் கேட்டால், முதலில் இதைச் சொல்லிவிடுவேன்.

1. வாங்கியது

ஒன்றோடொன்று குறுக்கிடாத இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் எங்கள் பக்கம் வராத காலம். டிரான்ஸ்மிட்டரிலும் விமானத்தின் ரிசீவரிலும் அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டல் ஒரே நம்பரில் இருந்தால்தான் விமானம் சொன்னபடி கேட்கும். சென்னைக் கடையில், எத்தனை பாகங்களை இயக்கலாம், நான்கு சேனலா, ஆறு சேனலா என்று அரை நாள் யோசித்து, ஆறு சேனலில் இரண்டு செட் எடுத்தேன்.

"ரெண்டாவதுக்கு வேற நம்பர் போட்டுத் தரேன் சார். ஒரே எடத்துல ரெண்டையும் ஆன் பண்ணா வம்பு" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. லேபுக்கு எது வாங்குனாலும் ஜோடியாத்தான் வாங்குவோம். ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணுலேருந்து கழட்டி மாட்டிக்கலாம்."

"வாத்தியார் சிக்கனம்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

2. ஆன் செய்தது

என் மகள் கயல்விழி அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. விமானக் குழுவில் ஒரே பெண். "பொம்பளப் புள்ளைக்கு இன்ஜின் எதுக்கு?" என்ற மாமாவிடம், "ஒங்க வூட்டு மிக்சிய யாரு மாமா ஓட்டுறா?" என்று கேட்டவள்.

அன்று லேபை ஒட்டிய மைதானத்தில் அவளும் வகுப்புத் தோழன் ரமேஷும் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். அவன் கையில் முதல் செட். ஏரியலை இன்னும் இழுக்காததால் அதன் சிக்னல் பலவீனம். கயல் ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், சுழலும் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில், இன்ஜின் பிளக்கைச் சூடாக்கும் கிளிப்பைக் கழற்றக் குனிந்திருக்கிறாள்.

உள்ளே நான் இரண்டாவது செட்டில் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க, ஏரியலை முழுக்க இழுத்து ஆன் செய்தேன். அதன் த்ராட்டில் ஸ்டிக் முழு வேகத்தில், மேலே கிடந்தது.

வெளியே இன்ஜின் சத்தம் ஏறியது. நன்றாக ஓடுகிறதே என்று நினைத்தேன்.

பிறகுதான் அலறல்.

3. சொன்னது

கயலின் வலது கையில் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் ரமேஷின் அப்பா எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தார். "நான் த்ராட்டிலத் தொடலப்பா" என்று அழுதான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் கயல், "ரமேஷத் திட்ட வேணாம்னு சொல்லுப்பா. அவன் தொடலைங்கிறான்" என்றாள்.

"அவன் தொடலம்மா. உள்ள நாந்தான் இன்னொரு செட்ட ஆன் பண்ணேன்."

"ரெண்டும் ஒரே நம்பரா?"

தலையாட்டினேன்.

"அவங்கிட்ட சொல்லிட்டியாப்பா?"

"இல்லம்மா."

"மொதல்ல போப்பா."

கீழப்பழுவூரில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அப்பா, அவனை அறைந்த தன் கையை மடியில் வைத்துப் பார்த்தபடி, "நாலு நாளா அவன் சரியா சோறு திங்கலங்க சார்" என்றார்.

டிரான்ஸ்மிட்டர் வாங்கும் முன், உங்கள் மைதானத்தில் யார் யார் எந்த நம்பர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த நம்பரை எடுக்காதீர்கள். எந்த செட்டை ஆன் செய்தாலும், வெளியே வந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். என் மேசையிலிருந்து லேப் வாசலுக்குப் பத்தடி. நான் எழுந்து போகவில்லை.