காட்டுமாடு மோந்து பார்க்கும் வாசல்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல்லில் கொடைக்கானல் பஸ் ஏறினேன். கையில் ஒரு காலிப் பெட்டி, புளியோதரைப் பொட்டலம். மகளின் துணிகளை அந்தப் பெட்டியில் அடுக்கி, அவளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

யாழினி கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் வாடகை அறையில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் குப்பைப் பையைப் போட வெளியே போனாள். வளைவில் ஒரு காட்டுமாடு யார் வீட்டுப் பையையோ கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தது, அவ்வளவுதான். இவள் ஓடிப் படிக்கட்டில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கொம்புதான் தெரிகிறது.

மலைமேல் சோதனைச் சாவடியில், பிளாஸ்டிக்குக்குத் தடை என்று என் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பக்கத்து இருக்கையில் கவுஞ்சி என்ற மலைக் கிராமத்துக்குப் போகும் பெரியவர் சிரித்தார். “உங்க ஊர்ல வீசுனா தெருவுல கெடக்கும். இங்க வீசுனா ஓடையில கெடக்கும், அப்புறம் மாட்டு வயித்துல கெடக்கும்.”

ஒன்பதரைக்குக் கொடைக்கானலில் பஸ் நின்றது. அட்டுவம்பட்டிக்குக் கார் நானூறு ரூபாய். வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது துணிக்கொடியை. துண்டுகளுக்கு நடுவே கிளிப் போட்டு, பால் கவர்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

வீட்டுக்காரி செல்வி, பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். யாழினி விழுந்த மறுநாளே வீட்டில் சட்டம் போட்டுவிட்டாளாம். காய்த்தோலும் சோறும் மூடி போட்ட டிரம்முக்கு. மற்றதெல்லாம் அலசிக் காயவைத்து கேட் பக்கத்துச் சாக்குக்கு.

“இம்புட்டையும் கழுவி என்ன ஆகப்போகுது? கடைசியில எல்லாம் ஒரே குப்பைக் கிடங்குக்குத்தானே போகுது?” என்றேன். எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

செல்விக்குக் கோபம் வரவில்லை. “எல்லாம் மறுசுழற்சிக்குப் போகுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா. பாட்டிலும் அட்டையும் பால் கவரும் போகுது. சிப்ஸ் கவரை ஒருத்தனும் வாங்க மாட்டேங்கிறான், அது கிடங்குக்குத்தான். ஆனா சோத்து வாடை இல்லாத சாக்கை மாடு தொடாது. எனக்கு அது போதும்.”

“தண்ணி வீணாகுமே?”

“அரிசி கழுவுன தண்ணிதான்மா,” என்றாள் யாழினி, மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு.

மதியம் புளியோதரை. நான் ஊட்டிவிட்டேன், அவளும் மறுக்கவில்லை. மிச்சத்தை இலையோடும் பிளாஸ்டிக் தாளோடும் சுருட்டினேன். குப்பை என்று இந்தக் கையோடு அவள் மறுபடி வெளியே போக வேண்டாமே என்று, எது எதற்கு என்று யோசிக்காமல் நானே கொண்டுபோய் கேட் பக்கத்துச் சாக்கில் திணித்தேன்.

ஞாயிறு வெள்ளனே சாக்கு இழுபடும் சத்தம். கதவைத் திறந்தால் பனிக்குள் கேட்டை ஒட்டி அது நின்றது. வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள், கறுத்த மலை மாதிரி முதுகு. பின்னால் ஒரு கன்று. நான் விளக்குமாற்றைத் தூக்கிவிட்டேன்.

“அம்மா, அசையாதம்மா.” யாழினி நல்ல கையால் என் சேலையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். என் முதுகில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது.

இலையோடு சேர்ந்து பாதி பிளாஸ்டிக்கும் அதன் வாய்க்குள் போயிற்று. மீதி உதட்டில் தொங்கியது. மென்றபடியே கன்றோடு வளைவில் இறங்கி மறைந்தது.

செல்வி ஜன்னலிலிருந்து, “சாக்குக்குள்ள சோத்தைப் போட்டது யாரு?” என்று சத்தம் போட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. “அக்கா, உங்க புளியோதரைக்கு ஊரு விட்டு ஊரு ஆள் வருது!”

சிரிக்க முடியவில்லை. காலிப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். “கெளம்பு பாப்பா, போயிருவோம்.”

யாழினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான்மா இருக்கு. நாளைக்குச் சாக்குல சோறு இருக்காது. நான் இங்க இருந்துக்குவேன்.”

அவள் பயப்படாமல் இல்லை. அந்த நெஞ்சு அடித்ததை என் முதுகு அறியும். பயந்துகொண்டே இங்கே தங்கிவிட முடியும் என்கிறாள்.

அன்று முழுவதும் சிதறியதைப் பொறுக்கி, அலசி, கொடியில் போட்டேன். திங்கள் காலை குப்பை வண்டி சாக்கை ஏற்றிக்கொண்டு போனபின் நானும் கிளம்பினேன். செல்வி என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “வெறும் பெட்டியாவா போவீக?” என்று மலைப்பூண்டை அள்ளிப் போட்டாள்.

திண்டுக்கல்லில் எங்கள் வாசலுக்கு மாடு வருவதில்லை. வண்டிக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டிக்கொள்கிறார். நான் கழுவிப் போடுவது எதுவரை போகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கழுவுகிறேன். அது போய்ச் சேரும் இடத்தில் எந்த வாசலுக்கு எது வருகிறது என்பதை இங்கிருந்து எப்படிப் பார்ப்பது?

முன்பெல்லாம் காலையில் யாழினி போன் எடுத்ததும் “சாப்பிட்டியா?” என்பேன். இப்போது, “பால் கவரை அலசிட்டியா?”

“அலசிட்டேம்மா. விடியக்காலையில வந்துச்சு. சாக்கை மோந்து பாத்துச்சு. போயிருச்சு.”

அதற்கப்புறம்தான் நான் காபி போடுகிறேன்.