உம்மாவின் கேக்கை ஒருவரும் வாங்கவில்லை

போன வெள்ளிக்கிழமை மகள் ஒரு படம் போட்டுக் காட்டினாள். தாயை இழந்த ஒரு குடும்பம் பேக்கரி திறக்கிறது. மா பிசைகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், கடைசியில் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து கேக் வெட்டுகிறார்கள். செய்த பிழைக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்ட உடனே மற்றவர் கட்டிப்பிடித்துவிடுகிறார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"வாப்பா, அழுறீங்களா?"

"இல்ல. கோவம் வருது."

அவள் சிரித்தாள். வயது போனவர்களுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் என்று நினைத்திருப்பாள். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, எங்கள் வீட்டிலும் ஒரு மவுத்தும், அதாவது ஒரு சாவும், ஒரு பேக்கரியும் சேர்ந்தேதான் வந்தன. படத்தில் வருகிற முடிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அந்தப் படத்தில் ஒரு பெண் வெனிலா போத்தலைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். அந்த இடத்திலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். வெனிலா என்றால் எனக்கு எங்கள் ஊர் அக்குறணை பஸ்தான். மடியில் சூடாக ஒரு தகரப் பெட்டி, உள்ளே உம்மாவின் கேக், பஸ் முழுக்க அதன் வாசம். கொண்டக்டர் டிக்கட் கிழிப்பதை விட்டுவிட்டு, யாருக்குக் கலியாணம் என்று சிங்களத்தில் கேட்பான்.

கலியாணம் எங்கே? வாப்பா மவுத்தாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கண்டி டவுனில் அடுத்தவருடைய பேக்கரியில் ஆயுள் முழுக்க வெந்தவர் அவர். கடைசியில் துணிந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, பின்னால் சொந்தமாகப் போறணை கட்டினார். பாண் சுடுகிற பெரிய செங்கல் அடுப்பைத்தான் நாங்கள் போறணை என்போம். அது கட்டி முடிந்த கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர் எழும்பவில்லை.

உம்மா இத்தா இருந்தார். புருஷன் மவுத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே போவதில்லை. நகையில்லை, நல்ல உடுப்பில்லை, அத்தர் பூசுவதில்லை. வாப்பாவின் தம்பி, இரும்புச் சாமான் வியாபாரம் செய்த எங்கள் சாச்சா, கட்டுகஸ்தோட்டை அறையைத் தன் கடைக்குத் தரும்படி கேட்டு வந்தார். உம்மா இருந்த அறையின் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்துகொண்டு கதைத்தார்.

"ஒரு பொம்புள ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு கட நடத்த ஏலுமா மதினி?"

அந்தப் பக்கத்திலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "வெளிய போகத்தான் ஏலா. வேல செய்ய ஏலும். புதுப் போறணய நெருப்பில்லாம போட்டு வெச்சா மழக்கி வெடிச்சிரும். நாளைக்கே பத்த வைக்க ஆக்களுக்கு செல்லுங்க."

நெருப்பு போறணையில் இல்லை, மதினியின் வாயில்தான் இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு சாச்சா தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போனார். பிறகு பாண் வாங்க வந்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படித்தான் பேக்கரி திறந்தது. வாப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் பாண் சுட்டார்கள். எனக்கு அப்போது அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் புது ஆசிரிய வேலை. காலையும் மாலையும் கடையைப் பார்ப்பேன். எவ்வளவு மா, எத்தனை பணிஸ் என்பதெல்லாம் உம்மா அறைக்குள் இருந்தபடியே முடிவு செய்தார். கேக்கை மட்டும் யாரிடமும் விடவில்லை. விடியச் சுபஹு தொழுத பிறகு பட்டரும் சீனியும் அடிக்கத் தொடங்குவார். வெனிலா, தோடம்பழத் தோல், இன்னும் ஏதேதோ. மணல் பரப்பிய தாச்சியில் வைத்து, மூடியின் மேல் தணல் கொட்டிச் சுடுவார். அதைத் தகரப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கடைக்குக் கொண்டுபோவது என் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நான் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாஸ்டர், ஒங்கட வூட்டுல இத்தாவா, கலியாணமா? பஸ்ஸெல்லாம் வாசமா ஈக்கி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். உம்மா உடம்பில் பூசிய வாசம் அல்ல அது, அடுப்பில் வெந்த வாசம் என்று திருப்பிச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கிளாசில் வாய் ஓயாதவன் நான். அன்றைக்குக் காலில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு நடந்தேன். செருப்புகூட மாறிப் போயிருந்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைக்குப் போகாமல் பாலத்துக்குப் போனேன். கேக்கை மகாவலி ஆற்றில் போட்டேன். பின்னேரம் உம்மா கேட்டார், கேக் எப்படிப் போனது என்று. புதுசுக்கு வாங்கியவர்கள்கூட இப்போது எடுக்கவில்லை, பாண்தான் கேட்கிறார்கள் என்றேன். உம்மா, என்ன குறை சொல்கிறார்கள் என்று விசாரித்தார். அதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இனிப்புக் கூடவாம் என்றேன்.

அடுத்த நாள் சீனியைக் குறைத்தார். அதுவும் ஆற்றுக்குப் போனது. காய்ந்திருக்கிறதாம் என்றேன், பட்டரைக் கூட்டினார். தோடம்பழம் கசக்கிறதாம் என்றேன். உள்வெள்ளை படாமல் தோலைச் சுரண்டத் தொடங்கினார். வாசிக்காத விடைத்தாளுக்குப் புள்ளி போடுகிற வாத்தியார் என்று யாரையாவது சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் அதைத்தான் செய்தேன். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. வைத்தால் மனம் மாறிக் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று பயம்.

ஒரு நாள் காலையில் தகரப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

இத்தா முடிந்து கடைக்கு வந்தவர், பிறகு எத்தனையோ வருஷம் அங்கே ஆட்சி செய்தார். மாக்காரனும் விறகுக்காரனும் அவர் முன்னால் குரலைத் தாழ்த்துவார்கள். பெருநாளைக்குக் கேக் போடச் சொல்லிக் கேட்பவர்களிடம் மட்டும், எங்கள் கேக்கை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள் என்பார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். பக்கத்தில் நின்று நான் பாண் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

என் தாடி நரைத்த பிறகு ஒரு பெருநாளில், யாரோ அனுப்பிய கேக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு உம்மா சொன்னார், இதெல்லாம் விலைபோகிறது, என்னுடையது போகவில்லையே என்று. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். பாலம், ஆறு, பொய், எல்லாம். அந்த வயதில் இனி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஏன் இதற்கு முன்னால் சொல்லவில்லை என்பதுதான் சரியான கேள்வி.

உம்மா கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார்.

"ஒரு துண்டாவது தின்டியா?"

"இல்ல உம்மா."

"அப்ப ஒனக்கி எனத்த தெரியும்? எல்லாரும் அழுத நேரம் நான் அழுவாம அடிச்ச கேக் அது."

மாப்புச் செய்யும்படி கேட்டேன்.

"அல்லாகிட்ட கேளு. எனக்கிட்ட கேக்காத. நான் கோவமாத்தான் ஈக்கிறேன்."

அந்தக் கோபத்தோடுதான் மவுத்தானார். என்னோடு கதைக்காமல் இருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காத நாளில்லை. கேக்கை மட்டும் பிறகு ஒருபோதும் செய்யவில்லை. நானும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. அவர் மனதுக்குள் மன்னித்திருப்பார் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மன்னிக்கவில்லை. அது அவருடைய உரிமை. என் நிம்மதிக்காக அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம்.

இப்போது அந்த இடத்தில் கண்ணாடி போட்டுக் கைத்தொலைபேசி விற்கிறார்கள். போறணையை இடித்த அன்று போய் நின்றேன். கரிபிடித்த செங்கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பொடியன், இங்கே என்ன போட்டார்கள் என்று கேட்டான்.

பாண், பணிஸ், கேக் என்றேன்.

கேக் நல்லா இருக்குமா என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.