மூன்று வாரத்தில் தேறிய ரோஜா நிறம்

பென்சிலை மேஜைமேல் உருட்டிவிட்டு, கன்னத்தை மேஜையோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார். உருளும்போது முனை துளி ஆடினாலும் போதும், அது சீவச் சீவ உடைகிற ரகம்.

என் எதிர்வீட்டுக்காரரின் பிழைப்பு இதுதான். ஓவியர்களுக்கான உயர்ரக வண்ணப் பென்சில்களைச் சோதித்து, தேறியதா இல்லையா என்று கம்பெனிக்கு எழுதித் தருவார். ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போவார். ஏழாம் பூச்சுக்குள் தாள் மெழுகாகி, நிறம் ஒட்டாமல் வழுக்கினால் பென்சில் தோற்றது. பிறகு நிறத்துக்கு ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவார். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்து, மூடிய பாதியையும் வெயில் தின்ற பாதியையும் ஒப்பிடுவார். ஒட்டியிருக்கும் பட்டைகளைப் பார்த்தால், அவர் வீட்டுக்குள் வரச் சூரியனே விண்ணப்பம் போட வேண்டும்.

அவசரப்படுத்துகிறவர்களிடம், "வெயில் இன்னும் பாத்து முடிக்கலங்க" என்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுப் புதுத் திரைச்சீலைக்கு இரண்டு வருஷம், தபால்காரர் சட்டைக்கு எட்டு மாதம் என்று ஆயுள் குறிப்பார். என் தலைச்சாயத்துக்கு, "நாலு வாரம்மா" என்றார். இரண்டு நாள் பிசகிவிட்டார்; எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன்.

ஒரே ஒருமுறை அவரே அவசரப்பட்டார். பெட்டிகள் கடைக்குப் போகும் தேதி நெருங்க, ஒரு ரோஜா நிறத்துக்கு மூன்றே வாரத்தில் 'தேறியது' என்று கையெழுத்திட்டார். அதில் ஒரு பெட்டியைத் தன் அக்காவுக்கும் கொடுத்தார். அக்கா தன் கணவரைப் பத்து நாள் எதிரில் உட்காரவைத்து, அவர் கழுத்து வலிக்கிறது என்று முனக முனக, முகத்தை வரைந்து முடித்தாள். மறு வருஷம் கணவர் இறந்துபோனார். அதற்கடுத்த வருஷத்துக்குள் படத்தில் கன்னமும் உதடும் வெளுத்துவிட்டன.

"என் கைதான் சரியில்ல. அவரு மொகத்த ஒழுங்கா புடிக்கத் தெரியல எனக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் ஆயுள் சொன்ன வாய் அங்கே மட்டும் திறக்காது.

போன வாரம் புது ரோஜா நிறப் பென்சில் ஒன்றோடு அக்கா வீட்டுக்குப் போனார். முழுதாக ஒரு வருஷம் வெயிலில் வைத்துப் பார்த்தது. துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

"உன் கை சரியாத்தான்க்கா இருந்துச்சு. பென்சில்தான் மோசம். அது தேறிடுச்சுன்னு எழுதிக் குடுத்தது நான்" என்றார். புதுப் பென்சிலால் படத்தின்மேல் பூசிக்கொடுத்துவிடுவதாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அக்கா படத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவரு கன்னத்துல எவ்வளவு செவப்பு இருந்துச்சு? எனக்கு மறந்துபோச்சுடா. உனக்கு ஞாபகமிருக்கா?"

"இல்லக்கா" என்றார் தம்பி.

அக்கா அந்தப் பென்சிலை வாங்கி, முனையை விரலால் தொட்டுப் பார்த்து, தம்பியின் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினாள்.